காலையில் இழுக்காத வண்டி

1. முன்சக்கரம் சும்மா நின்றது

மேல்சித்தாமூர் ஏரிக்குள் முழங்கால் சேற்றில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஜெயபால் நயினாருடைய பழைய ஃபோர் வீல் பிக்கப், நெல் மூட்டைகளைச் சுமந்துகொண்டு நின்றது. அதன் முன்சக்கரம் இரண்டிலும் நான் புதிதாக மாட்டிக்கொடுத்த லாக்கிங் ஹப். என் கையாலேயே இரண்டையும் திருகி லாக்கில் வைத்தேன். உள்ளே உட்கார்ந்திருந்த நயினார் ஃபோர் வீல் கியரைப் போட்டு கிளட்சை மெதுவாக விட்டார். பின்சக்கரம் சுழன்று சேற்றை வாரி என் சட்டையில் அடித்தது. முன்சக்கரம் இரண்டும் பந்தியில் இலை போட்டாகிவிட்டதா என்று பார்க்கிற மாமன் மாதிரி அசையாமல் இருந்தன.

பொங்கல் முடிந்த சமயம். மிஷின் அறுப்பு முடிந்து, நெல் ஏரியின் உட்புற நிலமான உள்வாயில் ஒரு மேட்டின்மேல் படுதா போட்டு மூடிக் கிடந்தது. கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது, மழை வரும் என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒரு டிராக்டர்க்காரர் வந்து, டிரெய்லர் அச்சுவரை புதைந்து, இன்னொரு டிராக்டரை வரவழைத்து இழுத்துக்கொண்டு போனார். அதைப் பார்த்த பிறகு வேறு யாரும் இறங்க ஒப்பவில்லை. மழை பிடித்தால் மேட்டைச் சுற்றித் தண்ணீர் நின்றுவிடும். நெல் படுதாவுக்குள்ளேயே முளைத்துவிடும். அந்த வருஷத்து வெள்ளாமை முழுக்க அங்கேதான் கிடந்தது. அதைக் கரையேற்ற இந்த பிக்கப்பை விட்டால் வேறு வழி இல்லை. இந்த பிக்கப்புக்கோ என்னை விட்டால் வேறு ஆள் இல்லை.

நயினார் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். அவர் கத்துகிற மனிதர் இல்லை.

"மேஸ்திரி, உங்க கடையில மட்டும் எப்பிடி இழுக்குது?"

எனக்குத் தெரியவில்லை. ஒரு வண்டி எதிரில் நிற்கும்போது எனக்குத் தெரியவில்லை என்று நான் என் மனதுக்குள் சொல்லிக்கொண்டது அநேகமாக அதுதான் முதல் தடவை.

2. சொல்கிறவன் யார் என்று தெரிய வேண்டும்

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் படிப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அதனால் எழுதுகிற ஆளின் யோக்கியதை என்ன என்று சொல்லிவிடுவது நல்லது.

என் பெயர் கோதண்டம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நானும் அதை விட்டேன். திண்டிவனத்தில் ஒரு லாரி ஷெட்டில் டீசலில் சாமான் கழுவ ஆரம்பித்தேன். யாரும் எனக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. கழுவுகிற சாமானை வைத்தே, இது எங்கே உட்காரும், இதற்குப் பக்கத்தில் எது வரும் என்று கண்டுபிடித்துக்கொண்டேன். செஞ்சிக்கு வந்து திருவண்ணாமலை ரோட்டில் ஒரு ஓலைக்கொட்டகையில் கடை போட்டேன். இன்றைக்கு அது சிமெண்டுத் தளம், ஷீட் கூரை, இரண்டு பள்ளம் உள்ள கடை. முன்சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் அவலூர்பேட்டைக்காரரும் என்னிடம்தான் வருவார், அனந்தபுரத்துக்காரரும் என்னிடம்தான் வருவார். டிப்ளமா படித்த பையன்கள் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கிய வண்டிகளை, இஞ்சின் சத்தத்தைக் கேட்டே சரிசெய்திருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

உட்கார்ந்து எழுதுவதை வயதான பிறகுதான் பழகினேன். கியர்பாக்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டியவனுக்கு எழுத்து என்ன பெரிய கம்ப சூத்திரம்.

3. ஹப் மாட்டிய விதம்

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். இந்த மாதிரி வண்டி சாதாரண ரோட்டில் பின்சக்கரத்தின் பலத்தில் ஓடும். சேறு, மணல் வந்தால் உள்ளே இருக்கிற ஒரு கியரைப் போட்டு முன்பக்கத்துக்கும் பலத்தை அனுப்பலாம். அந்தப் பலம் ஆக்சில் வழியாகச் சக்கரம்வரை வரும். வந்த ஆக்சிலும் சக்கரமும் கைகோத்துக்கொண்டால்தான் சக்கரம் சுழலும். அந்தக் கைகோக்கிற இடம்தான் ஹப்.

நயினார் வண்டியில் அந்த வேலையை வேக்குவம் செய்துகொண்டிருந்தது. இஞ்சின் காற்றை உறிஞ்சி, ரப்பர் குழாய் வழியாக ஹப்பைப் பூட்டும். வண்டிக்கு வயதாகி, ரப்பரெல்லாம் வெடித்து, எவ்வளவு உறிஞ்சினாலும் பூட்டவில்லை. பழைய சாமானுக்கு ஸ்பேர் எங்கேயும் கிடைக்கவில்லை. அறுப்பு வருவதற்குள் ஏதாவது செய்துகொடுங்கள் என்று நயினார் வந்து நின்றார். மேனுவல் ஹப் போட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அதில் குழாயும் கிடையாது, ரப்பரும் கிடையாது. சக்கரத்தின் நடுவில் ஒரு டயல் இருக்கும். இறங்கிப் போய்க் கையால் திருகினால், உள்ளே பல் வைத்த ஒரு வளையத்தை ஸ்பிரிங் தள்ளும். அது போய் ஆக்சிலோடு கோத்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

மெட்ராஸிலிருந்து பார்சல் வந்தது. ஏற்கெனவே இரண்டு ஜீப்புக்கு இதை மாட்டிய கை எனக்கு. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, பழைய ஹப்பின் மூடியைத் திறந்து, ஆக்சில் முனையில் ஹப் நழுவாமல் பிடிக்கிற சர்க்ளிப்பை பிளையரால் விரித்து எடுத்தேன். பழைய ஹப் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டினால் வரும். பேரிங்கைக் கழுவி, அதற்கு மட்டும் புதுக் கிரீஸ் ஏற்றினேன். புது கேஸ்கட் வைத்து, ஹப்பை ஆக்சிலின் வரிப்பல், அதாவது ஸ்பிளைன், பார்த்து உள்ளே தள்ளி, போல்ட்டுகளை எதிரெதிராக டைட் செய்தேன். மறுபடி சர்க்ளிப். அது தன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தால் ஒரு சின்ன சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்காமல் மூடியைப் போடக் கூடாது. ஹப்புக்குள் பல்லின்மேல் எண்ணெய்த்துணியால் ஒரு தடவு தடவினால் போதும். டயலை ஃப்ரீயில் வைத்து மூடியைப் போட்டு, சின்ன ஆலன் போல்ட்டுகளை முறுக்கினேன்.

பக்கத்து லேத் பட்டறை ரஹீம் பாய் வழக்கம்போல வந்து நின்று வேடிக்கை பார்த்தார். எனக்கும் அவருக்கும் முப்பது வருஷத்துச் சண்டை; அதாவது சிநேகம். எல்லாம் முடிந்த பிறகு, நயினாருடைய வண்டியாவது ஒழுங்காகத் திரும்பிப் போகட்டும் என்று சொல்லிவிட்டு அவருடைய பட்டறைக்குப் போனார்.

மணல் குவியலில் ஏற்றிக் காட்டினேன். நாலு சக்கரமும் இழுத்தன. நயினார் இரண்டு டயலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். மூடியைத் திறக்கிற ஆலன் கீ பார்சலோடு வந்திருந்தது. நம்முடைய வேலையில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, சந்தேகம் வந்தால் நீங்களே திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அந்தச் சாவியை அவர் கையிலேயே கொடுத்தேன். வேறு மெக்கானிக் கொடுத்திருக்கமாட்டான்.

4. கடைக்கு வந்தால் நல்ல பிள்ளை

சில நாள் கழித்து, பனி விலகாத காலையில் போன் வந்தது. முன்பக்கம் இழுக்கவில்லை என்றார் நயினார். டயலைத் திருகினீர்களா என்று கேட்டேன். திருகினேன் என்றார். கியர் போட்டீர்களா என்று கேட்டேன். போட்டேன் என்றார். வண்டியைக் கொண்டுவாருங்கள் என்றேன்.

அவர் வந்து சேரும்போது வெயில் ஏறி, கோட்டை மலைக்குப் போகிற ஜனங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினேன். லாக்கில் வைத்துக் கியர் போட்டால் முன்சக்கரம் இரண்டும் சுழன்றன. கீழே இறக்கி மணல் குவியலில் ஏற்றினேன். அடம்பிடிக்காமல் ஏறியது.

நயினார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஃபோர் வீல் ஓட்டுவதற்கென்று ஒரு பழக்கம் வேண்டும், கிளட்சை விடுகிற விதம் இருக்கிறது என்று ஒரு பெரிய பாடம் நடத்தினேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அந்த மனிதர் எனக்கு முன்னாலிருந்தே வண்டி ஓட்டுகிறவர்.

மறுநாள் காலை மறுபடியும் போன். மறுபடியும் வெயில் ஏறிய பிறகு வந்தார். மறுபடியும் ஜாக்கி, மறுபடியும் மணல். மறுபடியும் நாலு சக்கரமும் இழுத்தன.

இந்தத் தடவை பாடம் நடத்த எனக்கு வாய் வரவில்லை. வண்டியின் அடியில் படுத்தேன். முன் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட்டுகளை ஆட்டிப் பார்த்தேன். பழுதில்லை. இரண்டு பக்க ஆக்சிலுக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கிற கிரௌனின் ஆயிலை இறக்கி விரலில் தேய்த்துப் பார்த்தேன். இரும்புத் தூள் இல்லை. பழைய ஜீப்புகளில் இடதுபக்கச் சக்கரத்தின் நட்டு தலைகீழ்த் திருகாக இருக்கும். டைட் செய்வதற்கு எல்லாரும் வலம் திருகினால் நாங்கள் இடம் திருகுவோம். அதே மாதிரி இந்த இடதுபக்க டயலுக்கும் ஏதாவது எதிர்ப்போக்கு இருக்குமோ என்று ஒரு சந்தேகம். இந்தப் பக்கம் திருகிப் பார்த்தேன், அந்தப் பக்கம் திருகிப் பார்த்தேன். ஒரு குழப்பமும் இல்லாமல் அது வேலை செய்தது. குழப்பம் எல்லாம் எனக்குத்தான்.

ரஹீம் பாய் லேத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

"யோவ் கோதண்டம், அந்த வண்டிக்குக் காலைல எழுந்திருக்க சோம்பேறித்தனம்யா. உன்ன மாதிரி."

"நீ போய் உன் லேத்த பாரு பாய்."

"ஹப்ப தெறந்து பாத்தியா?"

"அது நான் மாட்டினது."

"அதான் கேக்கறேன், தெறந்து பாத்தியான்னு."

நான் மாட்டியதை நானே இரண்டாம் தடவை பிரிப்பது என்றால், முதல் தடவை செய்தது தப்பு என்று ஊருக்குச் சொல்கிற மாதிரி. அதுவும் நயினார் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது. அதனால் அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பார்த்தேன்.

ஆக்சில் உடைந்திருக்குமோ என்று நினைத்தேன். உடைந்த ஆக்சில் காலையில் உடைந்திருந்து மத்தியானம் ஒட்டிக்கொள்ளுமா? முன்பக்கத்துக்குப் பலத்தை அனுப்புகிற டிரான்ஸ்ஃபர் கேஸில் கியர் நழுவுகிறதோ என்று நினைத்தேன். அது மேல்சித்தாமூரில் நழுவி, செஞ்சியில் பிடித்துக்கொள்ளுமா? வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். கையில் சோற்றை வைத்துக்கொண்டு எதைத் திருகுகிறீர்கள் என்று வீட்டுக்காரி கேட்டாள். பார்த்தால் விரல்கள் டயலைத் திருகிக்கொண்டிருந்தன.

வண்டி கடைக்கு வருவதை நிறுத்திவிட்டு நான் ஏரிக்குப் போவது என்று முடிவு செய்தேன். மறுநாள் விடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

5. ஏரிக்குள்

போய்ப் பார்த்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். முன்சக்கரம் அசையவில்லை. என் கண்ணுக்கு எதிரிலேயே அசையவில்லை.

மூட்டை தூக்குகிற ஆட்கள் இரண்டு பேர் பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மத்தியானம் வெயில் வந்தால் இழுக்குமே, அதுவரை காத்திருந்தால் என்ன என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. எதற்காக அப்படி என்று புரியாவிட்டாலும், வெயிலில் வேலை நடந்தால் சரி. அண்ணாந்து பார்த்தேன். அன்றைக்கு வெயில் வருகிற வானம் இல்லை அது. கிழக்கிலிருந்து மேகம் அடுக்கடுக்காக ஏறிக்கொண்டிருந்தது.

நயினாரைக் கியரைப் போட்டு வைக்கச் சொல்லிவிட்டு, கோணியை விரித்து, எட்ட இருந்தே வண்டியின் அடியைக் குனிந்து பார்த்தேன். முன் ஷாஃப்ட் சுற்றுகிறது! பலம் முன்பக்கத்துக்கு வருகிறது. சக்கரத்துக்கு மட்டும் போகவில்லை. இந்த வண்டியில் ஆக்சில் குழாய்க்குள் மறைந்து ஓடும். அது சுற்றுகிறதா நிற்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. கிரௌனில் ஏதோ போய்விட்டது என்றேன். கிரௌனை நேற்றுதான் பார்த்தீர்கள் என்றார் நயினார். அப்படியென்றால் ஆக்சில்தான் என்றேன். வண்டியைக் கட்டி இழுத்துக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும், ரஹீம் பாயிடம் சொல்லி வைக்கிறேன் என்று போனை எடுத்தேன்.

நயினார் இறங்கி வந்தார். வண்டியைக் கொஞ்சம் பின்னால் தள்ள வேண்டும் என்று நான் சொல்லியிருந்ததால், ஒரு குச்சியை எடுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருந்த தவளைகளை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி நகர்வதற்கு முன்னால் அவர் எப்போதும் அதைச் செய்வார். மழை தலைக்குமேல் நிற்கிறது, இவர் தவளை ஓட்டுகிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. தவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எல்லாத்தையும் பாத்துட்டீங்கோ மேஸ்திரி. நீங்க மாட்டினத மட்டும் பாக்கல."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. கையை நீட்டினேன். அவர் டேஷ்போர்டிலிருந்து அந்த ஆலன் கீயை எடுத்துக் கொடுத்தார். திறந்து காட்டி, பாருங்கள், கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்ற வெறியோடுதான் இடதுபக்க மூடியைக் கழற்றினேன்.

உள்ளே பல்லும் தெரியவில்லை, ஸ்பிரிங்கும் தெரியவில்லை. பழுப்பு நிறத்தில் கெட்டியாக ஒரே மசை. கிண்ணத்தில் நெய் உறைந்த மாதிரி விளிம்புவரை நிரம்பியிருந்தது. விரலை விட்டால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. நான் உபயோகிக்கிற கிரீஸின் நிறமும் அது இல்லை.

"இது யாரு வெச்சது?"

"நாந்தான்," என்றார் நயினார். "பம்ப்செட்டுக்கு வாங்கின டப்பா. நல்ல கிரீசு."

"ஏன் வெச்சீங்கோ?"

"அன்னிக்கி வீட்டுக்குப் போயி தெறந்து பாத்தேன். உள்ள காஞ்சி கெடந்துது. வேலை மும்முரத்துல மறந்துட்டீங்கோன்னு நெனச்சேன். போன் பண்ணி சொன்னா உங்களுக்கு சங்கடமா இருக்கும். நானே ரொப்பிட்டேன்." அப்புறம் சொன்னார்: "இரும்பு கேக்கறது கிரீசுதான், அதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்கன்னு நீங்கதான சொல்லுவீங்கோ."

உண்மைதான். இந்த வட்டாரத்தில் நான் வண்டி கொடுத்த அத்தனை பேரிடமும் அதைச் சொல்லியிருக்கிறேன். பேரிங்குக்கு அது சரி. இந்த ஹப்புக்குள் கிரீஸை அடைத்தால் ஸ்பிரிங் பாவம், அதால் வளையத்தைத் தள்ள முடியாது. டயல் என்னவோ லாக்கில் நிற்கும். உள்ளே ஒன்றும் கோத்திருக்காது.

ஓடிப்போய் வலதுபக்கத்தைத் திறந்தேன். அங்கே சுத்தமாக இருந்தது. பல்லின்மேல் ஒரு ஓரத்தில் மட்டும் விரலால் தடவிய மாதிரி ஒரு கோடு. வளையம் ஒழுங்காகக் கோத்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் பூட்டியிருக்கிறது, அந்தப் பக்கம் பூட்டவில்லை. ஒரே மனிதர், ஒரே டப்பா.

இந்தப் பக்கம் ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன். நயினார் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"அந்தப் பக்கத்த நிதானமா செஞ்சேன். இந்தப் பக்கம் வர்றச்ச பொழுது எறங்கிடுச்சி. வீட்ல சாப்பாட்டுக்குக் கூப்ட்டாங்கோ. ஒரு வெரலு தடவிட்டு மூடிட்டேன்."

நயினார்மார் சமணர்கள்; பொழுது இறங்கிய பிறகு சாப்பிடமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஆனால் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரம் ஒரு முன்சக்கரத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கும் என்று எந்த மெக்கானிக்கால் கண்டுபிடிக்க முடியும்?

அதற்கப்புறம் எல்லாம் தானாக விளங்கியது. கிரௌனுக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கம் லேசாக இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கே பலத்தை விட்டுவிடும். இடதுபக்கம் பூட்டாததால் அந்த ஆக்சில் சும்மா சுற்றியது; பூட்டியிருந்த வலதுபக்கத்துக்கும் பலம் வரவில்லை. ஒரு பக்கம் கெட்டு இரண்டு பக்கமும் நின்றது. ஏரிக்குள் காலைப் பனியில் மசை கட்டியாக இருக்கும். செஞ்சி வரைக்கும் ரோட்டில் ஓடி, வெயிலிலும் காய்ந்தால் இளகிவிடும். வளையம் நகர்ந்து கோத்துக்கொள்ளும். என் மணல் குவியலில் ஏறிக் காட்டிவிட்டு, திரும்பிப் போய்விடும். நயினார் டயலை ஃப்ரீயில் வைப்பார், மறுநாள் பனியில் மசை மறுபடியும் உறைந்துகொள்ளும். நான் அந்த வண்டியைக் காலையில் பார்த்ததே இல்லை.

யார்மேல் கோபப்படுவது என்றுதான் புரியவில்லை. என் வேலையில் தப்பில்லை. அவர் மனதிலும் தப்பில்லை. சரி, மழை யாரையும் விசாரிக்கப் போவதில்லை என்று வேலையைப் பார்த்தேன்.

பம்ப்செட் கொட்டகையிலிருந்து நயினார் டீசல் கேனைக் கொண்டுவந்தார். குச்சியால் வழித்தெடுத்து, டீசலை ஊற்றி ஊற்றிக் கழுவினேன். துடைக்கத் துணி இல்லை. அவர் தோளில் இருந்த வெள்ளைத் துண்டையே கொடுத்துவிட்டார். வளையத்தை விரலால் அழுத்திவிட்டேன். ஸ்பிரிங் சுறுசுறுப்பாகத் திருப்பி அடித்தது. டிப்ஸ்டிக்கிலிருந்து இரண்டு சொட்டு இஞ்சின் ஆயில், அவ்வளவுதான் மசை. மூடியைப் போட்டு டயலைத் திருகினேன்.

உள்ளே 'டக்' என்றது.

முதல் நாள் கடையில் டயலைத் திருகியபோது கேட்ட அதே சத்தம். இத்தனை நாள் அது வரவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. நயினாரை ஏறச் சொன்னேன். கியர் விழுந்தது. முன்சக்கரம் இரண்டும் சேற்றைக் கவ்விக்கொண்டு வண்டியைக் கரைமேல் இழுத்துக்கொண்டு போயின. பீடிக்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

6. கடைசி நடை

அதற்கப்புறம் யாரும் உட்காரவில்லை. மேட்டுக்கும் ரோட்டோரத்து நெல் கொட்டகைக்கும் வண்டி போய்ப் போய் வந்தது. நயினார் ஓட்டினார், ஆட்கள் ஏற்றினார்கள், நான் ஒவ்வொரு நடைக்கும் இறங்கி டயலைப் பார்த்தேன். மத்தியானம் தூறல் விழுந்து நின்றது. தடம் இன்னும் மோசமானது. ஒவ்வொரு தடவையும் வண்டி கரை ஏறுகிற இடத்தில் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்டுபிடித்துவிட்டேன் என்று தெரியும். ஆனாலும் அந்தக் குழப்பம் உடம்பைவிட்டுப் போகவில்லை.

மாலையில் நயினார் வீட்டு அம்மா போன்மேல் போன் போட்டார்கள். மேகத்துக்குள் சூரியன் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இன்னும் ஒரு நடை பாக்கி. போய்ச் சாப்பிட்டு வாருங்கள், கடைசி நடையை நான் ஓட்டுகிறேன் என்றேன். நயினார் படுதாவுக்குக் கீழே மிச்சமிருந்த மூட்டைகளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், குச்சியை எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் தவளை ஓட்டப் போனார். இந்தத் தடவை நானும் ஒரு குச்சி எடுத்துக்கொண்டேன்.

கடைசி மூட்டை கொட்டகைக்குள் போகும்போதுதான் மழை இறங்கியது. தூறல் இல்லை, ஊற்றல். ஏரிக்குள் நாங்கள் ஓட்டிய தடம் எங்கே என்றே தெரியாமல் போயிற்று. நயினார் வீட்டுக்கு வந்து சேரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. எனக்கு இலை போட்டார்கள். நயினார் தலையைத் துவட்டிக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு இலை இல்லை. காலையில் சாப்பிட்டதோடு சரி. இனிமேல் மறுநாள் பொழுது விடிந்துதான்.

எனக்குக் கை இலைக்குப் போகவில்லை. அவர் பார்த்துவிட்டார்.

"சாப்புடுங்க மேஸ்திரி. நெல்லு வீட்டுக்கு வந்துடுச்சி. ஒரு வேளைதான, இன்னா இப்போ."

சாப்பிட்டேன். அவர் குழம்பை இன்னும் ஊற்றச் சொல்லி ஊற்றச் சொல்லி, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

7. பிள்ளைகள் இதை வைத்துக்கொள்ளலாம்

செஞ்சியில் ஃபோர் வீல் வேலை என்றால் இன்றைக்கும் என் கடைதான். நயினார் வண்டிக்குப் பிறகு ஹப் மாட்டக் கூட்டம் அதிகமாகிவிட்டது. ஆனால் முன்பு போல மணல் குவியலில் ஏற்றிக் காட்டி அனுப்புவதில்லை. மாட்டிய வண்டி இரவு முழுக்க என் கடை வாசலில் பனியில் நிற்கும். விடிந்ததும், டீ குடிப்பதற்கு முன்னால், வண்டிக்காரரையும் வரச் சொல்லி, ஏரிக்கரை ஈர மண்ணில் இறக்கி அவரையே டயலைத் திருகி ஓட்டச் சொல்வேன். எதைச் செய்ய வேண்டும் என்று சொல்கிறேனோ இல்லையோ, எதைச் செய்யக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.

இது வெட்டி வேலை, ஒரு நாள் வீண் என்று ரஹீம் பாய் சொல்கிறார். சொல்லட்டும். வெயிலில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்.